பியூஸ் ஏன் போகிறது?

"பியூஸ் போய்விட்டது" என்ற பேச்சைக் கேட்டிராதவர் நம்மில் யாருமில்லை. வீடு திடீரென்று இருண்டால் முதலில் தெருவை எட்டிப் பார்க்கிறோம். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தால், குற்றவாளி நம் வீட்டுப் பியூஸ்தான் என்று முடிவாகிவிடுகிறது. பிறகு பியூஸ் கட்டையைக் கழற்றி, கைக்குக் கிடைத்த தடித்த செப்புக் கம்பி ஒன்றை அதில் முறுக்கிக் கட்டி, "இனி இது போகவே போகாது" என்று பெருமையோடு சொல்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது உண்மைதான். அந்தப் பியூஸ் இனிப் போகாது. அதற்குப் பதிலாக வேறு எது போகும் என்பதே கேள்வி.

இதற்கு விடை காணப் பெரிய கணிதம் எதுவும் வேண்டாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும். பள்ளிப் பாடத்தில் நீங்கள் படிக்கும் மின்சுற்றுக் கணக்குகள் தேர்வுக்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பிகள் ஒவ்வொரு நொடியும் அந்தக் கணக்குகளின்படியே நடந்துகொண்டிருக்கின்றன. வாருங்கள், நாமும் போட்டுப் பார்ப்போம்.

ஓட்டம், அழுத்தம், தடை

செப்புக் கம்பியில் எண்ணற்ற எலெக்ட்ரான்கள் கட்டின்றித் திரிந்துகொண்டிருக்கின்றன. மின்கலத்தையோ மின்னாக்கியையோ இணைத்தவுடன் அவை ஒரு திசையில் நகரத் தொடங்குகின்றன. இந்த நகர்ச்சிக்கு மின்னோட்டம் என்று பெயர். இதை ஆம்பியரில் அளக்கிறோம். ஒரு ஆம்பியர் என்றால் கம்பியின் ஓரிடத்தை ஒரு விநாடியில் சுமார் 62,400 கோடி கோடி எலெக்ட்ரான்கள் கடக்கின்றன என்று பொருள்.

எண்ணிக்கைதான் பெரிது, வேகம் மிகவும் குறைவு. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பியில் ஒரு ஆம்பியர் ஓடும்போது, எலெக்ட்ரான்கள் ஒரு மணி நேரத்தில் முன்னேறும் தூரம் ஏறக்குறைய 26 சென்டிமீட்டரே. நத்தை இதைவிட வேகமாகப் போகும்! நம் வீட்டில் வருவதோ விநாடிக்கு 50 சுழற்சிகள் கொண்ட மாறுதிசை மின்சாரம். அதில் எலெக்ட்ரான்கள் முன்னேறுவதுகூட இல்லை. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான தூரத்தில் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது எப்படி? நீர் நிறைந்த நீண்ட குழாயை எண்ணிப் பாருங்கள். ஒரு முனையில் தள்ளினால் மறுமுனையில் உடனே நீர் வருகிறது. தள்ளிய இடத்து நீரே அங்கு ஓடிவந்து சேர வேண்டியதில்லை. கம்பியிலும் அப்படியே. எலெக்ட்ரான்கள் கம்பி நெடுகிலும் முன்னரே நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தள்ளும் விசைதான் மின்னல் வேகத்தில் பரவுகிறது.

இவ்வாறு தள்ளுவதற்குக் காரணமான அளவை மின்னழுத்தம் என்கிறோம். இதன் அலகு வோல்ட். டார்ச் விளக்கின் ஒரு செல்லுக்கு 1.5 வோல்ட். நம் வீட்டு மின்சாரத்துக்கு 230 வோல்ட். எலெக்ட்ரான்கள் நகரும்போது உலோக அணுக்களின் அதிர்வுகளோடு மோதி இடர்ப்படுகின்றன. இந்த இடர்ப்பாட்டின் அளவே மின்தடை. இதன் அலகு ஓம்.

கம்பி நீளமானால் தடை கூடும். தடித்ததானால் தடை குறையும். நீண்ட சந்தில் நடப்பதற்கும் அகன்ற வீதியில் நடப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள செப்புக் கம்பிக்கு மீட்டருக்குச் சுமார் 0.018 ஓம். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் பலமுறை தேவைப்படும்.

ஓம் கண்ட விதி

ஜார்ஜ் சைமன் ஓம் 1789-இல் ஜெர்மனியிலுள்ள எர்லாங்கன் நகரில் பிறந்தவர். அவருடைய தந்தை பூட்டுச் செய்யும் தொழிலாளி. கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது ஓம் தம் ஆய்வுகளைச் செய்தார். தேவையான கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டார்.

அவருக்கு ஒரு தொல்லை இருந்தது. அன்றைய வோல்ட்டா மின்கலங்கள் நிலையாக இருப்பதில்லை. அளந்துகொண்டிருக்கும்போதே அவற்றின் வலிமை குறைந்துவிடும். ஆகவே ஓம் மின்கலத்தை விட்டுவிட்டு, செம்பையும் பிஸ்மத்தையும் சேர்த்த வெப்ப மின்னிரட்டையைப் பயன்படுத்தினார். ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால், வெப்பநிலை மாறாதவரை மின்னழுத்தமும் மாறாது. இப்படி நிலையான அழுத்தம் கிடைத்த பிறகே விதி வெளிப்பட்டது. 1827-இல் அவர் அதை நூலாக வெளியிட்டார். விதி இதுதான்:

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை

இவ்வளவு எளிய விதிக்குத் தொடக்கத்தில் வரவேற்பு இல்லை. மனமுடைந்த ஓம் தம் பதவியையே விட்டு விலகினார். 1841-இல் லண்டன் ராயல் கழகம் அவருக்குக் காப்ளி பதக்கம் வழங்கியது. இன்று உலகமெங்கும் மின்தடையின் அலகு அவர் பெயரால் வழங்குகிறது.

பல்பில் எழுதியிருப்பது என்ன?

பழைய இழை பல்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். 230 வோல்ட், 100 வாட் என்று அச்சிட்டிருக்கும். வாட் என்பது மின்திறனின் அலகு. ஒரு விநாடியில் எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்பதை அது காட்டுகிறது.

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

ஆகவே 100 வாட் பல்பில் ஓடும் மின்னோட்டம் 100 ÷ 230 = 0.435 ஆம்பியர். அதன் தடை 230 ÷ 0.435, அதாவது சுமார் 529 ஓம். இதேபோல 40 வாட் பல்புக்கு மின்னோட்டம் 0.174 ஆம்பியர், தடை சுமார் 1,322 ஓம். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிக்கு 4.35 ஆம்பியர், தடை 53 ஓம்.

இதிலிருந்து தெரிவது என்ன? வாட் கூடக்கூடத் தடை குறைகிறது. "அதிக மின்சாரம் தின்னும் கருவிக்கு அதிகத் தடை" என்று பலர் எண்ணுகிறார்கள். நேர் எதிரானதே உண்மை.

இங்கே ஓர் எச்சரிக்கை. எரியாத 100 வாட் பல்பின் தடையை மீட்டரில் அளந்தால் 529 ஓம் காட்டாது. 40 ஓம் அளவிலேயே காட்டும். டங்க்ஸ்டன் இழை குளிர்ந்திருக்கும்போது தடை குறைவு. சுமார் 2,500 பாகை வெப்பத்தில் ஒளிரும்போது அது பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. ஆகவே சுவிட்சைப் போடும் கணத்தில் பல்பின் வழியே மிகுந்த மின்னோட்டம் பாய்கிறது. இழை பல்புகள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும்போதே 'பட்'டென்று போவதற்கு இதுவே காரணம்.

திருவிழாச் சரவிளக்கு: தொடரிணைப்பு

கோயில் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் தொங்கவிடும் சரவிளக்கை, அதாவது சீரியல் செட்டைப் பார்த்திருப்பீர்கள். அதில் பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே சங்கிலியாக இணைந்திருக்கின்றன. இதுவே தொடரிணைப்பு. இதில் எல்லாப் பல்புகளிலும் ஒரே மின்னோட்டம் ஓடும். மின்னழுத்தத்தை அவை பங்கிட்டுக்கொள்ளும். தடைகளைக் கூட்டினால் மொத்தத் தடை கிடைக்கும்.

ஒவ்வொன்றும் 6 வோல்ட் சிறு பல்பு என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் இணைக்க எத்தனை பல்பு வேண்டும்? 230 ÷ 6 = 38.3. ஆகவே 39 பல்புகள். இதைவிடக் குறைத்தால் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு மேல் அழுத்தம் பெற்று விரைவில் கருகும்.

ஒரு பல்பு போனால் சங்கிலி அறுந்து, எல்லாம் அணைந்துவிடும். இப்போது கவனியுங்கள். விளக்குகள் அணைந்திருப்பதால் சரத்தில் மின்சாரம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மின்னோட்டம்தான் இல்லை, மின்னழுத்தம் இருக்கிறது. ஓட்டமே இல்லாதபோது மற்ற 38 பல்புகளும் அழுத்தத்தில் பங்கு கேட்பதில்லை. ஆகவே அறுந்த அந்த ஒரே இடத்தின் இரு முனைகளுக்கிடையே முழு 230 வோல்ட்டும் வந்து நிற்கிறது. பல்பைக் கழற்றிய ஹோல்டருக்குள் விரலை வைப்பவர் 6 வோல்ட்டைத் தொடவில்லை, 230 வோல்ட்டைத் தொடுகிறார். சரவிளக்கைத் தொடுவதற்கு முன் பிளக்கை உருவியே தீர வேண்டும். இது ஓம் விதி கற்பிக்கும் பாடம்.

இன்னொரு வேடிக்கையான கணக்கு. 40 வாட் பல்பையும் 100 வாட் பல்பையும் தொடராக இணைத்து 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? "நூறுதான்" என்று சொல்லத் தோன்றுகிறது அல்லவா? போட்டுப் பார்ப்போம்.

மொத்தத் தடை 1,322 + 529 = 1,851 ஓம். மின்னோட்டம் 230 ÷ 1,851 = 0.124 ஆம்பியர். ஒரு தடையில் செலவாகும் திறன், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கினால் கிடைக்கும். 40 வாட் பல்பில் சுமார் 20 வாட், 100 வாட் பல்பில் சுமார் 8 வாட். சிறியது பெரியதைவிடப் பிரகாசமாக எரிகிறது! உண்மையில் 100 வாட் பல்பின் இழை சூடேறாமல் இருப்பதால் அதன் தடை இன்னும் குறைந்து, வேறுபாடு மேலும் அதிகமாகவே இருக்கும். இழை ஏறத்தாழ இருளாகவே தோன்றும்.

வீட்டுச் சுற்று: பக்க இணைப்பு

வீட்டிலுள்ள கருவிகளைத் தொடராக இணைத்திருந்தால் என்ன ஆகும்? மின்விசிறியை நிறுத்தினால் விளக்கும் அணையும். நல்லவேளையாக அப்படி இல்லை. அவை பக்க இணைப்பில் இருக்கின்றன. ஏணியின் இரு நெடுங்கம்புகளைப் போல ஃபேஸ், நியூட்ரல் என்ற இரு கம்பிகள் ஓடுகின்றன. ஏணியின் படிகளைப் போல ஒவ்வொரு கருவியும் அவற்றுக்கிடையே இணைந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் முழு 230 வோல்ட் கிடைக்கும். ஒன்றை நிறுத்தினால் மற்றதற்குப் பாதிப்பில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். டார்ச் செல்கள் இரண்டும், 2.5 வோல்ட் இழை பல்புகள் இரண்டும், சிறிது கம்பியும் போதும். பல்புகளைத் தொடராக இணைத்தால் இரண்டும் மங்கலாக எரியும், ஒன்றைக் கழற்றினால் மற்றதும் அணையும். பக்கமாக இணைத்தால் இரண்டும் நன்றாக எரியும், ஒன்றைக் கழற்றினாலும் மற்றது எரியும். செல்களைக் கொண்டு மட்டுமே இதைச் செய்யுங்கள். வீட்டு மின்சாரத்தில் எந்தச் சோதனையும் வேண்டாம்.

பக்க இணைப்பில் மின்னழுத்தம் சமம், மின்னோட்டங்கள் கூடும். ஒரு வீட்டில் மாலை வேளையில் ஓடுபவற்றைக் கூட்டுவோம்.

9 வாட் எல்.இ.டி. விளக்குகள் 6: 54 வாட்
70 வாட் மின்விசிறிகள் 3: 210 வாட்
தொலைக்காட்சி: 100 வாட்
மிக்ஸி: 600 வாட்
மாவரைக்கும் கிரைண்டர்: 150 வாட்
இஸ்திரிப் பெட்டி: 1,000 வாட்

மொத்தம் 2,114 வாட். இதை 230-ஆல் வகுத்தால் சுமார் 9.2 ஆம்பியர். மோட்டார் உள்ள கருவிகளில் கணக்கு சற்று மாறும். எனினும் நம் தேவைக்கு இந்த மதிப்பீடு போதும். இதோடு 2,000 வாட் வாட்டர் ஹீட்டரையும் போட்டால் மொத்தம் 4,114 வாட், சுமார் 17.9 ஆம்பியர். ஒரே ஒரு கருவி, மின்னோட்டத்தை ஏறக்குறைய இரு மடங்காக்கிவிட்டது. விளக்குகள் ஆறும் சேர்ந்து எடுத்துக்கொள்வதோ கால் ஆம்பியர்கூட இல்லை. சூடாக்கும் கருவிகளே மின்னோட்டத்தைப் பெரிதும் இழுக்கின்றன என்பதை இப்பட்டியல் காட்டுகிறது.

சுவருக்குள் எரியும் அடுப்பு

இதுவரை கருவிகளின் தடையை மட்டும் பார்த்தோம். அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பிக்கும் தடை உண்டு. அங்கும் வெப்பம் பிறக்கும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை மறக்க வேண்டாம். மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு.

விளக்குகளுக்காகப் போட்ட ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம். கம்பி ஒரு சதுர மில்லிமீட்டர். பியூஸ் 5 ஆம்பியர். ஐந்து ஆம்பியர் ஓடும்போது கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் 5 × 5 × 0.018 = 0.45 வாட் வெப்பம் உண்டாகிறது. இது ஒன்றுமில்லை.

இந்தச் சுற்றிலேயே யாரோ ஒருவர் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டுகிறார் என்க. மொத்தம் 3,000 வாட், 13 ஆம்பியர். மீட்டருக்கு 3 வாட். மின் அடுப்பு ஒன்றையும் சேர்த்து 4,500 வாட் ஆக்கினால் 19.6 ஆம்பியர், மீட்டருக்குச் சுமார் 7 வாட். முதலில் இருந்ததைப்போல 15 மடங்கு! கம்பி திறந்த வெளியில் இல்லை. பிளாஸ்டிக் குழாய்க்குள், பிற கம்பிகளோடு நெருக்கமாக, சுவர்ப் பூச்சுக்குள் கிடக்கிறது. வெப்பம் எளிதில் வெளியேற வழியில்லை. சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை வரைதான் தாங்கும். அதற்கு மேல் உறை மெல்ல மெல்ல இறுகி வெடிப்புவிடும். ஒருநாள் ஃபேஸ் கம்பியும் நியூட்ரல் கம்பியும் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

அப்போது நடப்பதுதான் 'ஷார்ட் சர்க்யூட்' எனப்படும் குறுக்குச்சுற்று. கருவியின் தடை இப்போது இல்லை. கம்பிகளின் தடை எல்லாம் சேர்ந்து ஒரு ஓம் என்று கொண்டால், மின்னோட்டம் 230 ஆம்பியர். இந்த ஓட்டத்தில் ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியின் உறை ஒரு விநாடிக்குள் கெட்டுவிடும். தீப்பற்ற வேறென்ன வேண்டும்?

மெல்லிய காவலாளி

இங்கேதான் பியூஸ் வருகிறது. ஐந்து ஆம்பியர் பியூஸுக்கான ஈயம் பூசிய செப்பு இழையின் விட்டம் சுமார் 0.2 மில்லிமீட்டர். குறுக்குப் பரப்பு 0.031 சதுர மில்லிமீட்டர். சுவரிலுள்ள கம்பியில் ஏறக்குறைய முப்பத்திரண்டில் ஒரு பங்கு.

தொடர்ச்சுற்றில் எங்கும் ஒரே மின்னோட்டம் என்று பார்த்தோம். பியூஸ் இழையும் சுவர்க் கம்பியும் தொடராகவே உள்ளன. இழையின் தடை, அதே நீளமுள்ள கம்பியைப்போல 32 மடங்கு. ஆகவே அதில் பிறக்கும் வெப்பமும் 32 மடங்கு. ஆனால் சூடேற்ற வேண்டிய செம்போ முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ஆகவே இழையின் வெப்பநிலை கம்பியின் வெப்பநிலையைப்போல 32 × 32, அதாவது சுமார் ஆயிரம் மடங்கு வேகமாக ஏறுகிறது! கம்பி ஒரு பாகை சூடேறுவதற்குள் பியூஸ் இழை உருகி அறுந்துவிடுகிறது. சுற்று துண்டாகிறது. வீடு தப்புகிறது. சில ரூபாய் பெறாத இழை தன்னையே தந்து வீட்டைக் காக்கிறது.

பியூஸ் கட்டையில் ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியையே முறுக்கிக் கட்டினால் என்ன ஆகும் என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். பியூஸும் சுவர்க் கம்பியும் சமமாகிவிட்டன. யார் முதலில் உருகுவது என்பதற்கு விதி எதுவும் இல்லை. எங்கே இணைப்பு தளர்ந்திருக்கிறதோ, எங்கே வெப்பம் வெளியேற வழியில்லையோ, அங்கே உருகும். அந்த இடம் வைக்கோல் அடுக்கிய கொட்டகையின் கூரையாகவும் இருக்கலாம், துணி அலமாரிக்குப் பின்னாலுள்ள சுவராகவும் இருக்கலாம்.

கட்டும் வகைப் பியூஸ் தன் அளவைப்போல ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டத்தில்தான் உருகும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 5 ஆம்பியர் பியூஸ் 6 ஆம்பியரில் போகாது. ஆகவே அளவுக்குச் சற்று மேலே நெடுநேரம் ஓடும் மின்னோட்டத்தை அது பொறுத்துக்கொண்டுவிடும். இன்று பல வீடுகளில் உள்ள எம்.சி.பி. சுவிட்ச் இதில் மேலானது. அதனுள்ளே இரண்டு காவலர்கள். சூடேறினால் வளையும் ஈருலோகப் பட்டை ஒன்று, மிகைச்சுமையைக் கவனித்துக்கொள்கிறது. மின்காந்தம் ஒன்று, குறுக்குச்சுற்று நேர்ந்த கணத்திலேயே சுற்றைத் துண்டிக்கிறது.

ஆனால் இரண்டுக்கும் தெரியாமல் ஒளிந்துகொள்ளும் பகைவன் ஒன்று உண்டு. அது தளர்ந்த இணைப்பு. பிளக்கின் முனை சாக்கெட்டில் சரியாகப் பொருந்தாமல் அங்கே அரை ஓம் தடை உண்டாகிவிட்டது என்க. 10 ஆம்பியர் ஓடினால் 10 × 10 × 0.5 = 50 வாட். பட்டாணி அளவு இடத்தில் 50 வாட் வெப்பம்! மின்னோட்டம் கூடவில்லை, உண்மையில் சற்றுக் குறைந்தே இருக்கிறது. ஆகவே பியூஸ் போகாது. சாக்கெட் பழுப்பேறினாலோ, கருகிய வாடை வந்தாலோ, பிளக் தொட முடியாதபடி சுட்டாலோ, அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டு வயர்மேனை அழைக்க வேண்டும்.

ஊர்க்கோடி வீட்டின் மங்கிய விளக்கு

கம்பியின் தடை வெப்பத்தைத் தருவதோடு நிற்பதில்லை, மின்னழுத்தத்தையும் தின்றுவிடுகிறது. மின்கம்பத்திலிருந்து 100 மீட்டர் தள்ளி ஒரு வீடு. 2.5 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பி. போகவும் வரவும் 200 மீட்டர். இதன் தடை சுமார் 2.24 ஓம். வீட்டில் 2,000 வாட் ஹீட்டரைப் போடுகிறார்கள். அதன் தடை 26.45 ஓம். இரண்டும் தொடரில். மொத்தம் 28.69 ஓம், மின்னோட்டம் 8.02 ஆம்பியர்.

கம்பியில் இழக்கும் அழுத்தம் 8.02 × 2.24 = 18 வோல்ட். ஹீட்டருக்குக் கிடைப்பது 212 வோல்ட். அழுத்தத்தில் 8 விழுக்காடு குறைவு. திறனோ 1,700 வாட்தான், அதாவது 15 விழுக்காடு குறைவு. திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆதலால் இந்த இரட்டிப்பு நட்டம். ஹீட்டரைப் போட்டவுடன் இழை பல்பு மங்குவதும் இதனால்தான்.

நூறு மீட்டருக்கே இப்படியென்றால் மின்நிலையத்திலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுவருவது எப்படி? அழுத்தத்தை உயர்த்தி, ஓட்டத்தைக் குறைத்து அனுப்புவதே வழி. மூன்று கட்ட மின்சாரத்தின் நுட்பங்களை விட்டுவிட்டு ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரு கோடி வாட்டை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 909 ஆம்பியர். கம்பியின் தடை ஒரு ஓம் என்றால் இழப்பு 8,26,000 வாட். 1,10,000 வோல்ட்டில் அனுப்பினால் மின்னோட்டம் 90.9 ஆம்பியர், இழப்பு 8,260 வாட் மட்டுமே. அழுத்தம் பத்து மடங்கு, இழப்பு நூற்றில் ஒரு பங்கு. வயல்வெளிகளைக் கடந்து செல்லும் உயர்ந்த கோபுரங்கள் எதற்கு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

மனிதனும் ஒரு தடையே

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். மின்சாரத்தைப் பொறுத்தவரை மனித உடலும் ஒரு தடைதான். உலர்ந்த தோலின் தடை பல ஆயிரம் ஓம் முதல் இலட்சம் ஓம் வரைகூட இருக்கலாம். கை நனைந்திருந்தாலோ ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றாலோ அது ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடுகிறது. 230 ÷ 1,000 = 0.23 ஆம்பியர், அதாவது 230 மில்லி ஆம்பியர்.

உடலில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால் சுரீரென்று தெரியும். 10 முதல் 20 மில்லி ஆம்பியரில் தசைகள் இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் மார்பின் வழியே ஒரு விநாடிக்கு மேல் ஓடினால் இதயத் துடிப்பு ஒழுங்கு குலைந்து உயிர் போகலாம். நாம் கணக்கிட்டது 230.

பியூஸ் காப்பாற்றாதா? காப்பாற்றாது. 5 ஆம்பியர் பியூஸுக்கு 0.23 ஆம்பியர் என்பது சில விளக்குகள் எரிவது போலத்தான். பியூஸ் வீட்டைத் தீயிலிருந்து காக்க ஏற்பட்டது. மனிதனை அதிர்ச்சியிலிருந்து காக்க வேறு ஏற்பாடுகள் வேண்டும்.

முதலாவது, எர்த் என்னும் நில இணைப்பு. மூன்று முனைப் பிளக்கில் பெரிய முனை அதற்குரியது. அது கருவியின் உலோகக் கூட்டைத் தரையோடு இணைக்கிறது. கிரைண்டருக்குள் ஃபேஸ் கம்பியின் உறை கிழிந்து கூட்டைத் தொட்டுவிட்டது என்க. எர்த் சுற்றின் மொத்தத் தடை 5 ஓம் என்றால் 46 ஆம்பியர் பாயும், 15 ஆம்பியர் பியூஸ் உருகிவிடும். நீங்கள் தொடுவதற்கு முன்பே ஆபத்து விலகிவிட்டது. எர்த் குழி காய்ந்துபோய்த் தடை 50 ஓம் ஆகிவிட்டால்? 4.6 ஆம்பியர்தான் ஓடும். பியூஸ் அசையாது. கூடு மின்னேற்றத்தோடு நின்றுகொண்டே இருக்கும். எர்த் குழியில் கரியும் உப்பும் இட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றுவது இதற்காகத்தான். ஈர மண்ணின் தடை குறைவு.

இரண்டாவது, ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு காக்கும் சுவிட்ச். ஃபேஸ் வழியே போகும் மின்னோட்டமும் நியூட்ரல் வழியே திரும்பும் மின்னோட்டமும் சமமாக இருக்க வேண்டும். வழியில் ஒரு பகுதி மனித உடல் மூலமாகவோ கூட்டின் மூலமாகவோ தரைக்குப் போய்விட்டால் கணக்கு இடிக்கும். வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டினாலே வீட்டுச் சுவிட்ச் கண்ணிமைக்கும் நேரத்தில் சுற்றைத் துண்டித்துவிடுகிறது. கணக்கப்பிள்ளை வரவையும் செலவையும் சரிபார்ப்பது போன்ற வேலைதான் அதற்கு!

சில சொற்களை மறவாதீர்கள். பியூஸ் கட்டுமுன் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். அந்தச் சுற்றுக்குரிய பியூஸ் இழையையே கட்ட வேண்டும். அதைப் பெரியவர்களே செய்யட்டும். மீண்டும் மீண்டும் பியூஸ் போனால், இழையைத் தடிமனாக்காமல், சுற்றில் எங்கே கோளாறு என்று தேட வேண்டும். யாரையாவது மின்சாரம் பிடித்துவிட்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளி, உடனே உதவிக்கு ஆள் அழையுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

1. 230 வோல்ட், 1,500 வாட் கெட்டிலில் ஓடும் மின்னோட்டம் எவ்வளவு? அதன் தடை எவ்வளவு?

2. 100 வாட் இழை பல்புகள் இரண்டைத் தொடராக 230 வோல்ட்டில் இணைத்தால் மொத்தத் திறன் எவ்வளவு? தடை மாறாது எனக் கொள்க.

3. மீட்டர் பெட்டியிலிருந்து 50 மீட்டர் தொலைவிலுள்ள மோட்டார் கொட்டகைக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போகிறது. 10 ஆம்பியர் ஓடினால் கம்பியில் இழக்கும் அழுத்தமும் திறனும் எவ்வளவு?

4. உங்கள் வீட்டுக் கருவிகளின் வாட் அளவுகளைப் பட்டியலிடுங்கள். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் எத்தனை ஆம்பியர்? உங்கள் வீட்டு மெயின் எம்.சி.பி.யில் அல்லது பியூஸ் கட்டையில் எழுதியிருக்கும் அளவோடு அதை ஒப்பிடுங்கள்.

விடைகள்: (1) 6.5 ஆம்பியர், 35 ஓம். (2) 50 வாட். (3) 7.2 வோல்ட், 72 வாட். (4) இந்த விடை உங்கள் வீட்டில் இருக்கிறது. அதை வீட்டுப் பெரியவர்களுக்கும் காட்டுங்கள்.